டேட்டா வேர்ஹவுஸ் கற்கத் தொடங்குகிறீர்களா? ஒரு வரி எதைச் சொல்கிறது என்று கேளுங்கள்

"அண்ணா, டேட்டா வேர்ஹவுஸ் கத்துக்கணும். ஸ்னோஃபிளேக் படிக்கவா, பிக்குவெரி படிக்கவா?" வேலை மாறத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஒரு நிறுவனத்தின் பல இடத்துத் தரவையும் ஆய்வுக்காகவும் அறிக்கைக்காகவும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் கிடங்குதான் டேட்டா வேர்ஹவுஸ். ஸ்னோஃபிளேக்கும் பிக்குவெரியும் அதை மேகக் கணினியில் நடத்தும் கருவிகள். இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். சான்றிதழ் தேர்வுக்குப் பணம் கட்டும் முடிவோடு வந்தவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. ஆனாலும் மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவிகள் வந்து வந்து போகின்றன. அவற்றுக்கு அடியில் இருக்கும் சிந்தனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. அது கைவந்தவர் எந்தக் கருவியில் உட்கார வைத்தாலும் சீக்கிரம் பழகிக்கொள்கிறார். அது கைவராமல் கருவியை மட்டும் படித்தவரின் அறிக்கைகளில் தொகை இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்பதையும் அவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

நான் இந்தத் துறைக்குள் நுழைந்தது அறிக்கை தயாரிக்கும் குழு வழியாக. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் ஓரளவு எழுத வரும். ஒரு வடிவமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழுவின் மூத்தவர், திரையில் இருந்த டேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு வரின்னா என்னப்பா?" என்று கேட்டார். ஒருவர் பில் என்றார். இன்னொருவர் பில்லில் உள்ள பொருள் என்றார். ரிட்டர்ன் வந்தால் அதற்குத் தனி வரி வரும் என்றார் மூன்றாமவர். "முதல்ல இதை முடிவு பண்ணிட்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று சொல்லி அவர் மடிக்கணினியை மூடிவிட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் கிரெயின் என்று பெயர். டேட்டா வேர்ஹவுஸ் கற்பதற்கான வாசல் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு ஜவுளிக்கடை பில்லை எடுத்துக்கொள்வோம். சேலை 1,800 ரூபாய், சட்டை 700, வேட்டி 500. மொத்தம் 3,000. வாடிக்கையாளர் 2,000 ரூபாயை யூபிஐயில் அனுப்பிவிட்டு மீதி 1,000 ரூபாயை ரொக்கமாகத் தருகிறார். பில்லிங் மென்பொருள் இதை மூன்று டேபிள்களில் எழுதி வைக்கும். பில்லுக்கு ஒரு வரி, வாங்கிய பொருள்களுக்கு மூன்று வரி, பணம் வந்த விதத்துக்கு இரண்டு வரி. மேலாளர் வந்து, "எந்தப் பொருள் எவ்வளவு வித்திருக்கு, அதுல யூபிஐ எவ்வளவு?" என்று கேட்கிறார். புதிதாக வந்தவர் பொருள் டேபிளையும் பண டேபிளையும் பில் எண்ணை வைத்து ஜாயின் செய்வார், அதாவது ஒரே பில் எண் உள்ள வரிகளை ஒன்றோடொன்று இணைப்பார். மூன்று பொருள் வரிகளில் ஒவ்வொன்றும் இரண்டு பண வரிகளோடும் சேர்வதால் ஆறு வரிகள் வரும். பொருள் விலையைக் கூட்டினால் 6,000 காட்டும். பணத்தைக் கூட்டினால் 9,000 காட்டும். கல்லாவுக்கு வந்ததோ 3,000.

இதில் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதைக் கவனியுங்கள். கணினியைப் பொறுத்தவரை நாம் கேட்டதைச் சரியாகச் செய்து கொடுத்துவிட்டது. பொருள் டேபிளில் ஒரு வரி என்றால் விற்ற ஒரு பொருள். பண டேபிளில் ஒரு வரி என்றால் செலுத்திய ஒரு தவணை. இரண்டு வெவ்வேறு கிரெயின்களை ஒட்டவைத்ததால் வந்த தொகை அது. உண்மையில் மேலாளரின் கேள்விக்கு அந்தப் பில்லிலேயே பதில் இல்லை. யூபிஐ பணம் சேலைக்குப் போனதா, வேட்டிக்குப் போனதா என்று யாருக்கும் தெரியாது. விலையின் விகிதப்படி பிரிக்கலாம் என்று ஒரு விதி வைத்தால் சேலைக்கு 1,200, சட்டைக்கு 466.67, வேட்டிக்கு 333.33 என்று யூபிஐ தொகை வரும். கூட்டினால் சரியாக 2,000. பில் முழுவதற்கும் போடும் தள்ளுபடியையும் இப்படித்தான் பொருள் வரிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த விதியை நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. கடையின் கணக்குப் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும், அது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சரி, பில்லிங் மென்பொருளின் தரவுத்தளம்தான் இருக்கிறதே, அதிலேயே எல்லாக் கேள்விகளையும் கேட்டால் என்ன? சின்னக் கடையென்றால் தாராளமாகக் கேட்கலாம். கடை பெரிதானால் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. கல்லாவில் நிற்பவருக்கு ஒரு பில்லின் சில வரிகள் நொடியில் வர வேண்டும். ஆய்வு செய்பவர் மூன்று ஆண்டுகளின் மொத்த வரிகளையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்வார். இரண்டையும் ஒரே இடத்தில் ஓட்டினால் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது தொல்லையைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். பில்லிங் மென்பொருளுக்கு மறதி அதிகம். வாடிக்கையாளர் வீடு மாறினால் பழைய முகவரியின் மேல் புதியது எழுதப்படும். பொருளின் பிரிவு மாறினால் பழைய பிரிவு காணாமல் போகும். அன்றாட வேலைக்கு அது போதும். ஆனால் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் தவறாக எழுதிய பதிவை அழிக்க மாட்டார்கள், எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்வார்கள். அப்படி வைத்த பேரேட்டில்தான் போன ஆண்டு என்ன நடந்தது என்று தேட முடியும். டேட்டா வேர்ஹவுஸின் குணமும் அதுதான்.

இந்தக் கருத்துகள் யாரிடமிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ல் ஐபிஎம்மின் பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் தங்கள் நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், வணிகத் தரவுக் கிடங்கு (டேட்டா வேர்ஹவுஸ்) என்ற கட்டமைப்பை முன்வைத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பில் இன்மன், தரவுக் கிடங்குக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்று வரையறுத்தார். அது வாடிக்கையாளர், விற்பனை போன்ற வணிகத்தின் கருப்பொருள்களைச் சுற்றி அமைய வேண்டும். பல இடத்துத் தரவும் ஒரே முறைக்குக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். காலத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். உள்ளே வந்தது அழிக்கப்படக் கூடாது. 1996-ல் ரால்ஃப் கிம்பாலின் நூல் வந்தது. நடந்ததன் எண்களை வைக்கும் ஃபேக்ட் டேபிள், அவற்றை விவரிக்கும் டைமென்ஷன் டேபிள், ஃபேக்ட் நடுவிலும் டைமென்ஷன்கள் சுற்றிலும் அமையும் ஸ்டார் ஸ்கீமா என்று இன்று எல்லா நேர்காணல்களிலும் கேட்கிறார்களே, அந்த வழியைப் பரவலாக்கியவர் அவர். அதற்கு முன்பு அவர் ஜெராக்ஸ் ஸ்டார் கணினியை வடிவமைத்தவர்களில் ஒருவர். பயன்படுத்துபவருக்குப் புரிய வேண்டும் என்ற பிடிவாதம் அவருடைய டேபிள் வடிவமைப்பிலும் தெரிகிறது. முழு நிறுவனத்துக்கும் பொதுவான கிடங்கை முதலில் கட்டு என்பது இன்மன் வழி, ஒவ்வொரு வணிகச் செயலாகக் கட்டிக்கொண்டு போ என்பது கிம்பால் வழி. இன்மனா, கிம்பாலா என்ற சண்டையில் தொடக்கத்திலேயே இறங்காதீர்கள். முதலில் கிம்பால் வழியில் ஒன்று கட்டிப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் பத்துப் பதினைந்து மென்பொருள்களின் தரவை ஒன்று சேர்க்க வேண்டி வரும்போது இன்மன் எதற்காக அப்படி வாதாடினார் என்பது தானாகவே விளங்கும்.

கிம்பால் சொல்லும் வரிசை நான்கே படிகள். எந்த வணிகச் செயல் என்று தேர்ந்தெடு. ஒரு வரி எது என்று அறிவி. அந்த வரியை விவரிக்கும் டைமென்ஷன்களைக் கண்டுபிடி. கடைசியாக எண்களுக்கு வா. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேலாளர் கேட்ட எண்ணை முதலில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி டேபிள் கட்டுகிறோம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்துவிடும். அடுத்த கேள்விக்கு மறுபடியும் ஒரு டேபிள் கட்ட வேண்டியிருக்கும்.

டைமென்ஷன்களில் முதலில் கட்ட வேண்டியது தேதி டேபிள். தேதிக்கு எதற்குத் தனி டேபிள், எஸ்கியூஎல்லில்தான் மாதம், ஆண்டு எல்லாம் எடுக்க முடியுமே என்று தோன்றும். நம் ஊர்க் கடைக்கு அறிக்கை போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். தீபாவளி 2023-ல் நவம்பர் 12 அன்று வந்தது. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. ஜவுளிக்கடையின் அக்டோபர் விற்பனையை 2023-க்கும் 2024-க்கும் ஒப்பிட்டால் 2024-ல் வியாபாரம் அள்ளிக்கொண்டு போனதுபோல் தெரியும். நவம்பரை ஒப்பிட்டால் கடையே படுத்துவிட்டதுபோல் தெரியும். இரண்டும் உண்மையில்லை. பண்டிகைக்கு முந்தைய கூட்டம் ஓர் ஆண்டில் நவம்பரின் முதல் பாதிவரை நீண்டது, மறு ஆண்டில் அக்டோபருக்குள்ளேயே முடிந்துவிட்டது. எந்த எஸ்கியூஎல் செயல்பாட்டுக்கும் தீபாவளி என்றைக்கு என்று தெரியாது. தேதி டேபிளில் 'தீபாவளிக்கு எத்தனை நாள்' என்று ஒரு நெடுவரிசை வைத்துவிட்டால், பண்டிகைக்கு முந்தைய 30 நாள்களை எந்த ஆண்டோடும் ஒப்பிடலாம். நகைக்கடைக்கு அட்சய திருதியையும் இப்படித்தான். 2024-ல் அது மே 10, 2025-ல் ஏப்ரல் 30.

இதோடு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு, ஆடித் தள்ளுபடி நடக்கும் தமிழ் மாதம், பொங்கல் வாரம், அரசு விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு நாளொன்றுக்கு ஒரு வரி போட்டாலும் 7,305 வரிகள்தான். ஒரு மாலையில் செய்துவிடக்கூடிய இந்த டேபிளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லலாம். புதியவர்கள் முதலில் கட்டிப் பார்க்க வேண்டியது இது என்று நான் சொல்வதற்குக் காரணம், டைமென்ஷன் என்றால் என்ன என்பதை இது கையில் பிடித்துக் காட்டிவிடும். எந்த வழிகளிலெல்லாம் ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறோமோ, அவற்றையெல்லாம் முன்கூட்டியே சொற்களாக எழுதி வைப்பதுதான் டைமென்ஷன்.

அடுத்தது, மெதுவாக மாறும் டைமென்ஷன், அதாவது எப்போதாவது மாறும் விவரங்களை எப்படிப் பதிவது என்பது. பெயரைக் கேட்டாலே பலருக்குத் தலை சுற்றும். இதற்குத் தமிழ்நாட்டு மாவட்ட வரைபடத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதே மாதத்தில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்து மாவட்டங்களின் எண்ணிக்கை 38 ஆனது.

நம் ஜவுளிக்கடைக்குத் தென்காசியில் 2015 முதல் ஒரு கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளை டேபிளில் மாவட்டம் என்ற இடத்தில் திருநெல்வேலி என்று இருந்ததை அழித்துவிட்டுத் தென்காசி என்று எழுதினால், அதற்குத் துறையில் முதல் வகை என்று பெயர். அப்போது 2018-ன் விற்பனையும் தென்காசி மாவட்டத்தின் கீழ் வரும். அப்படி ஒரு மாவட்டமே அன்றைக்கு இல்லை. 2018-ல் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் திருநெல்வேலி மாவட்டத் தொகை ஒன்றாகவும், இன்று அதே ஆண்டுக்கு எடுக்கும் அறிக்கையில் வேறாகவும் இருக்கும். தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு 2019 நவம்பர் 21 என்று முடிவுத் தேதி போட்டு, தென்காசி மாவட்டம் என்று புதிதாக ஒரு வரி சேர்ப்பது இரண்டாம் வகை. கிளை ஒன்றுதான், அதன் குறியீடும் ஒன்றுதான். ஆனால் டைமென்ஷன் டேபிளில் அதற்கு இரண்டு வரிகள். ஒன்றின் எண் 41, இன்னொன்றின் எண் 187 என்று வையுங்கள். வேர்ஹவுஸ் தானாகக் கொடுக்கும் இந்த எண்தான் சரகேட் கீ. நவம்பர் 21 வரையிலான பில்கள் 41-ஐச் சுட்டும், 22 முதல் வந்தவை 187-ஐச் சுட்டும். கிளையின் குறியீட்டை மட்டும் வைத்து ஜாயின் செய்தால் எந்த வரியோடு சேர்ப்பது என்று தெரியாமல் தொகை இரட்டிப்பாகும். சரகேட் கீ எதற்கு என்ற நேர்காணல் கேள்விக்கு மனப்பாடம் செய்த பதிலைவிட இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும்.

இரண்டாம் வகைதான் எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. தென்காசிப் பகுதியில் பத்து ஆண்டுகளில் வியாபாரம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க நினைக்கிற நிர்வாகிக்கு இன்றைய எல்லைதான் வேண்டும். அவருக்கு இரண்டாம் வகையைக் கொடுத்தால் 2020-ல் திருநெல்வேலி விற்பனை சரிந்துவிட்டதாகவும் தென்காசி வானத்திலிருந்து குதித்ததாகவும் தெரியும். அந்த ஆண்டில் கொரோனா ஊரடங்கும் சேர்ந்துகொண்டதால் எந்தச் சரிவு எதனால் வந்தது என்று பிரிப்பது இன்னும் கடினம். அதனால் நான் பெரும்பாலும் இரண்டு நெடுவரிசைகள் வைப்பேன். 'அன்றைய மாவட்டம்' ஒன்று, 'இன்றைய மாவட்டம்' ஒன்று. கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு கொடுக்கலாம். இன்னொன்றையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். மாறிய தேதி என்பது அரசாணை வந்த நாளா, தொடக்க விழா நடந்த நாளா? எதை எடுத்தாலும் சரிதான், எடுத்ததை எழுதி வைக்க வேண்டும்.

வரி விகிதத்திலும் இதே கதை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 1,500 ரூபாய் ஆயத்த சட்டைக்கு அதற்கு முதல்நாள்வரை 12 சதவீதம், அன்றிலிருந்து 5 சதவீதம். இன்றைய விகித டேபிளை வைத்து அந்தத் தேதிக்கு முந்தைய பில்களுக்கு ஜிஎஸ்டி கணக்கிட்டால் அரசுக்குக் கட்டிய தொகையோடு ஒருநாளும் பொருந்தாது. வசூலித்த ஜிஎஸ்டியை அந்தந்த பில் வரியிலேயே, ரூபாயாக, ஃபேக்ட் டேபிளில் வைத்துவிடுவது நல்லது. நடந்து முடிந்த ஒன்றைத் திரும்பக் கணக்கிட வேண்டிய நிலையே வரக் கூடாது.

எண்களைப் பற்றி ஒரு சொல். எல்லா எண்களையும் கூட்ட முடியாது. விற்பனைத் தொகையை நாள், கிளை, பொருள் என எந்த வழியிலும் கூட்டலாம். இருப்பு அப்படியில்லை. திங்கள் முதல் சனிவரை தினமும் 100 வேட்டிகள் இருப்பில் இருந்தால் வார இருப்பு 600 ஆகாது. கிளைகளைக் கூட்டலாம், நாள்களைக் கூட்டக் கூடாது. லாப சதவீதத்தை எந்தப் பக்கமும் கூட்ட முடியாது. அதனால் சதவீதத்தை டேபிளில் வைக்காமல், அதன் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் வைத்துவிட்டு, கூட்டிய பிறகு வகுக்க வேண்டும்.

இனி பயிற்சிக்கு வருவோம். எஸ்கியூஎல்லில் ஜாயின், வரிகளைத் தொகுத்துக் கூட்டும் குரூப் பை, இடைப்பட்ட விடைக்குப் பெயர் வைக்கும் வித், பக்கத்து வரிகளையும் பார்த்துக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன் இந்த நான்கும் கை நடுங்காமல் வர வேண்டும். அது வரும்வரை வேறெதுவும் வேண்டாம். பிறகு மடிக்கணினியில் டக்டிபியை நிறுவுங்கள். ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 2019-ல் வெளிவந்த இலவசத் தரவுத்தள மென்பொருள் அது. சர்வர் வேண்டாம், கிரெடிட் கார்டு வேண்டாம். சாதாரண மடிக்கணினியில் கோடிக்கணக்கான வரிகளைக் கூட்டிக் காட்டும்.

அது எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்வதும் பாடத்தின் ஒரு பகுதி. பில்லிங் தரவுத்தளம் ஒரு வரியின் எல்லா விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கும். ஒரு பில்லை எடுக்க அது வசதி. டக்டிபி, அமேசானின் ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, ஸ்னோஃபிளேக் எல்லாம் நெடுவரிசை நெடுவரிசையாக எழுதி வைக்கின்றன. நாற்பது நெடுவரிசைகளில் தேதியும் தொகையும் மட்டும் கேட்டால் அந்த இரண்டை மட்டும் படித்தால் போதும். ஒரே மாதிரியான மதிப்புகள் அடுத்தடுத்து இருப்பதால் நன்றாகச் சுருங்கவும் செய்யும்.

பயிற்சிக்குத் தரவு எங்கே கிடைக்கும்? நான் எல்லோரையும் நியூயார்க் டாக்ஸித் தரவுக்கு அனுப்புவேன். அந்நகரின் டாக்ஸி, லிமோசின் ஆணையம் 2009 முதலான மஞ்சள் டாக்ஸிப் பயணங்களை மாதம் ஒரு கோப்பாக வெளியிடுகிறது. எல்லாம் நெடுவரிசையாகச் சேமிக்கும் பார்க்கே வகைக் கோப்புகள், டக்டிபியில் நேரடியாகத் திறக்கலாம். 2024 ஜனவரிக் கோப்பில் மட்டும் 29 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள். இங்கே ஒரு வரி என்றால் ஒரு பயணம், தெளிவான கிரெயின். ஏறிய இடம், இறங்கிய இடம் இரண்டும் எண்களாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே இடப் பட்டியல்தான், ஆனால் ஜாயின் செய்யும்போது அதை இரண்டு முறை இரண்டு வேடங்களில் சேர்க்க வேண்டும். ஒரு டைமென்ஷன் பல வேடம் போடுவது என்றால் இதுதான். அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு எண்கள் 264, 265. ஒன்று தெரியாத இடம், மற்றது நகருக்கு வெளியே. விவரம் இல்லாத வரிகளைத் தூக்கி எறியாமல் 'தெரியாது' என்று ஒரு வரி வைத்து அதில் சேர்க்க வேண்டும் என்று கிம்பால் சொன்னது இங்கே கண்ணெதிரே இருக்கும். நம் ஜவுளிக்கடையில் கைப்பேசி எண் கொடுக்காமல் போகும் வாடிக்கையாளருக்கும் அப்படி ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் ஜாயினில் அவர்களுடைய விற்பனை காணாமல் போகும்.

இந்தத் தரவில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் டிப்ஸ். ரொக்கமாகக் கட்டியவர்களின் சராசரி டிப்ஸைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய பூஜ்ஜியம் வரும். ரொக்கம் கொடுப்பவர்கள் டிப்ஸ் தருவதில்லை என்று எழுதத் தோன்றும். ஆணையம் வெளியிட்டிருக்கும் விளக்கக் குறிப்பைத் திறந்தால், அந்த நெடுவரிசையில் கார்டு வழியாக வந்த டிப்ஸ் மட்டுமே பதிவாகிறது, ரொக்க டிப்ஸ் சேராது என்று எழுதியிருக்கும். எண்ணில் எந்தக் குறையும் இல்லை, அது என்ன சொல்கிறது என்பதுதான் வேறு. அதே குறிப்பில் இன்னொன்றும் தெரியவரும். 2025 ஜனவரியில் மன்ஹாட்டனின் மையப் பகுதிக்கு நெரிசல் கட்டணம் வந்ததால் அந்த ஆண்டுக் கோப்புகளில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ந்திருக்கிறது. பழைய மாதங்களோடு சேர்த்து லோடு செய்யும்போது, அதாவது டேபிளுக்குள் ஏற்றும்போது, அதை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தால், நிஜ வேலையில் பாதி அதுதான்.

லோடு செய்வதில் ஒரே ஒரு பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பை இரண்டு முறை ஓட்டினாலும் தொகை மாறக் கூடாது. இரவில் ஓடும் வேலை பாதியில் நின்றுபோகும், காலையில் யாராவது மறுபடி ஓட்டுவார்கள். அது நடந்தே தீரும். அந்த நாளின் வரிகளை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு சேர்ப்பது எளிய வழி. லோடு முடிந்ததும் மூலத்தில் எத்தனை வரிகள், நம்மிடம் எத்தனை, மூலத்தில் மொத்தத் தொகை என்ன, நம்மிடம் என்ன என்று ஒப்பிட்டுப் பதிந்துவிட வேண்டும்.

மேகக் கருவிகளுக்கு அப்புறம் போகலாம். பிக்குவெரியில் மாதம் ஒரு டெராபைட் வரை இலவசமாகப் படிக்க முடியும். அதற்கு மேல், படித்த அளவுக்குக் காசு. நெடுவரிசைச் சேமிப்பு புரிந்தவர், எல்லா நெடுவரிசைகளையும் நட்சத்திரக் குறி போட்டுக் கேட்பது ஏன் செலவு வைக்கும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வார். பத்து வரி போதும் என்று லிமிட் போட்டாலும் சாதாரண டேபிளில் செலவு குறையாது, நெடுவரிசை முழுவதும் படிக்கப்பட்டுத்தான் பத்து வரி வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த வேலையில் மிகக் கடினமானது எதுவென்று கேட்டால், ஒரு சொல்லுக்கு எல்லோரையும் ஒரே பொருளில் உடன்பட வைப்பதுதான் என்பேன். மதுரையில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் விற்பனை என்ற நெடுவரிசையைக் காட்டியபோது கணக்காளர், "எங்களுக்கு சேல்ஸ்னா டாக்ஸ் போக மிச்சம்தான் தம்பி" என்றார். கிளை மேலாளருக்கோ கல்லாவில் விழுந்த மொத்தம்தான் விற்பனை. கொள்முதல் பிரிவில் ரிட்டர்னைக் கழித்த பிறகுதான் அந்தச் சொல்லையே பயன்படுத்துவார்கள். மூவரும் தங்கள் வேலைக்குத் தேவையானதைத்தான் சொல்கிறார்கள். மூன்றையும் மூன்று நெடுவரிசைகளாக, மூன்று தெளிவான பெயர்களோடு வைத்தோம். அதற்குப் பிறகு மாதாந்திரக் கூட்டத்தில் யாருடைய எண் சரி என்ற வாக்குவாதம் வரவில்லை. டீ குடித்துக்கொண்டே கணக்காளரோடு பேசிய அந்த நேரம், எந்தப் பயிற்சி வகுப்பையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

படித்தது போதும், கட்டிப் பாருங்கள். ஒரு கற்பனை ஜவுளிக்கடைக்கு மூன்று ஆண்டு பில் தரவை நீங்களே உருவாக்குங்கள். பைத்தான் தெரிந்தால் அதில், இல்லாவிட்டால் எக்செல்லில். திருநெல்வேலியிலும் தென்காசியிலும் கிளைகள் வையுங்கள், காலத்தை 2018-லிருந்து 2020 வரை எடுத்துக்கொள்ளுங்கள், மாவட்டம் பிரிந்த நாள் நடுவில் வந்துவிடும். ஒவ்வொரு டேபிளுக்கும் மேலே 'இதில் ஒரு வரி என்பது' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்த டேபிளைக் கட்டாதீர்கள். தேதி, கிளை, பொருள், வாடிக்கையாளர் என நான்கு டைமென்ஷன், நடுவில் பில் வரிகளுக்கு ஒரு ஃபேக்ட், பணத்துக்குத் தனியாக இன்னொரு ஃபேக்ட். பிறகு கேளுங்கள். மூன்று ஆண்டுகளிலும் தீபாவளிக்கு முந்தைய 30 நாள் விற்பனை எவ்வளவு? திருநெல்வேலி மாவட்ட விற்பனை அன்றைய எல்லைப்படி எவ்வளவு, இன்றைய எல்லைப்படி எவ்வளவு, இரண்டு வழியிலும் மாநில மொத்தம் ஒன்றாக வருகிறதா? பொருள் ஃபேக்ட்டின் மொத்தமும் பண ஃபேக்ட்டின் மொத்தமும் பொருந்துகின்றனவா? கடைசி மாதத்தின் கோப்பை வேண்டுமென்றே இரண்டாம் முறை லோடு செய்துவிட்டு இதே கேள்விகளை மறுபடி ஓட்டுங்கள். இவை சரியாக வந்த பிறகு, கிம்பால் 2013-ல் மார்ஜி ராஸோடு சேர்ந்து வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் சில்லறை விற்பனை பற்றிய அத்தியாயத்தைப் படித்து, நீங்கள் கட்டியதையும் அவர்கள் கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.